ரோமானியப் படைவீரனின் கல்லறைக் கல்லை நீங்களே வாசிப்பது எப்படி

ரோமானியக் கல்லறைக் கல் முன்னால் நிற்கும் பலரும் சிற்பத்தைப் பார்ப்பார்கள், குதிரையைப் பார்ப்பார்கள், கீழே உள்ள எழுத்துகளைக் கண்டதும் லத்தீன் நமக்கெதற்கு என்று நகர்ந்துவிடுவார்கள். எனக்கு அது மனது கேட்பதில்லை. அந்தக் கல்லில் ஒரு மனிதனின் பெயர், ஊர், வேலை, வயது, அவனுக்காகக் காசு செலவழித்தவர் யார் என்பது வரை எல்லாம் இருக்கிறது. அதை எடுக்க லத்தீன் இலக்கணம் தேவையில்லை. பூர்த்தி செய்த விண்ணப்பப் படிவம் மாதிரிதான் அது, எந்தக் கட்டத்தில் என்ன இருக்கும் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில் எழுத்துகள். எல்லாம் பெரிய எழுத்து, "யு" கிடையாது, அதன் இடத்தில் "வி" வடிவம்தான் இருக்கும். சொற்களுக்கு நடுவில் சிறு புள்ளி இருக்கலாம், சில சமயம் கொடி இலை வடிவமும் இருக்கும், அதை எழுத்து என்று நினைத்து குழம்பவேண்டாம். கல்லில் இடம் போதாவிட்டால் இரண்டு எழுத்தை ஒன்றோடொன்று ஒட்டிச் செதுக்குவார்கள். தேய்ந்துபோன கல்லாக இருந்தால் நேர் வெளிச்சம் உதவாது, பக்கவாட்டில் இருந்து சாய்வாக விழும் வெளிச்சத்தில் பாருங்கள், பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். எழுத்துக்குள் சிவப்பு வண்ணம் இருந்தால் அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். ரோமானியர்களும் சிவப்பு பூசினார்கள்தான், ஆனால் பிற்காலத்தில் யாரோ பூசியதாகவும் இருக்கலாம், பூசியவர் தவறாக வாசித்திருந்தால் நீங்களும் தவறாகத்தான் வாசிப்பீர்கள். வண்ணத்தை விட்டுவிட்டு உளி வெட்டிய கோட்டைப் பாருங்கள்.

அப்புறம், முதல் வரியில் ஆரம்பிக்காதீர்கள். "எல் ஈ ஜி" என்ற மூன்று எழுத்தைத் தேடுங்கள், அது லெஜியன், அதாவது ரோமானியக் குடிமக்கள் சேர்ந்த பெரும்படைப் பிரிவு. அது இல்லையென்றால் "கோ" என்று தொடங்கும் சொல்லையோ "ஆலா" என்ற சொல்லையோ தேடுங்கள்: முதலாவது கோஹோர்ட் என்ற துணைக் காலாட்படை, இரண்டாவது துணைக் குதிரைப்படை. அதை ஒட்டியே எண் இருக்கும். பள்ளியில் படித்த ரோமன் எண்ணை இங்கே அப்படியே கொண்டுவந்தால் இடிக்கும், ஏனென்றால் நாலை நாலு கோடாகவும் ஒன்பதை "வி"யும் நாலு கோடுமாகவும் எழுதுவது இங்கே சர்வசாதாரணம்.

படைப்பிரிவு கிடைத்துவிட்டதா? அதற்கு முன்னால் பதவி, அதற்கும் முன்னால் பெயரும் ஊரும். பின்னால் வயது, சேவை ஆண்டு, கடைசியில் முடிப்பு வாசகம். வரிசை கொஞ்சம் மாறும், ஆனால் ரொம்ப மாறாது.

ஒரு கல்லை வைத்தே பார்க்கலாம். இங்கிலாந்தின் யார்க் நகரில் லூசியஸ் டுக்கியஸ் ரூஃபினஸ் என்பவரின் கல் இருக்கிறது. தொடக்கத்தில் தனியாக ஓர் "எல்", அது லூசியஸ் என்ற முதற்பெயர். முதற்பெயர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான் புழக்கத்தில் இருந்தன, அதனால் ஓர் எழுத்தே போதும். அடுத்து குடும்பப் பெயர் டுக்கியஸ். அதற்குப் பின் லூசியஸின் மகன் என்ற குறிப்பு, பிறகு "வோல்ட்" என்று ஒரு சொல். இதைத்தான் பலர் தாண்டிவிடுவார்கள், தாண்டாதீர்கள். வோல்டினியா என்பது ரோமானியக் குடிமக்கள் பதிவு செய்யப்பட்டிருந்த 35 வாக்குப் பிரிவுகளில் ஒன்று, ஆக அந்த ஒரு சொல் இந்த மனிதர் முழுக் குடியுரிமை பெற்றவர் என்பதற்குச் சான்று. அதன் பின்புதான் மூன்றாம் பெயர் ரூஃபினஸ், ஊர் வியன், அதாவது இன்றைய பிரான்சில் ரோன் ஆற்றங்கரையில் உள்ள வியென். "சிக்னிஃப்" என்றால் படைக்கொடி தாங்குபவர், ஒன்பதாம் லெஜியன், வயது 28, முடிவில் "எச் எஸ் ஈ", இங்கே கிடத்தப்பட்டிருக்கிறார். அவ்வளவுதான், முழுக் கல்லும் வாசித்தாயிற்று. மேலே அவர் உருவத்தைப் பார்த்தால் ஒரு கையில் படைக்கொடி, மறு கையில் ஒரு சிறு பெட்டி, எழுதும் பலகைகள் வைத்த பெட்டி என்று சொல்வார்கள். கொடி தாங்குபவர்தான் வீரர்களின் சேமிப்புக் கணக்கையும் பார்த்துக்கொண்டவர் என்பது தெரிந்தால் அந்தப் பெட்டி ஏன் அங்கே இருக்கிறது என்று புரியும்.

காலத்தை எப்படிக் கணிப்பது? ஆண்டு எழுதும் வழக்கம் பெரும்பாலும் இல்லை, சூத்திரங்களை வைத்துத்தான் ஊகிக்கவேண்டும். தலையில் "டி எம்" என்று இருந்தால் மறைந்தோரின் ஆவித் தெய்வங்களுக்கு என்று பொருள், படைவீரர் கற்களில் இது முதல் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பரவியது. அது இல்லாமல் "எச் எஸ் ஈ" மட்டும் இருந்தால் பெரும்பாலும் முதல் நூற்றாண்டு. ரூஃபினஸின் கல் இரண்டாவது வகை, ஒன்பதாம் லெஜியன் யார்க்கில் முகாமிட்டது கி.பி. 71ஐ ஒட்டி என்பதோடு அது நன்றாகவே பொருந்துகிறது. படைப்பிரிவின் பட்டங்களும் உதவும். ஏழாம், பதினோராம் லெஜியன்கள் கி.பி. 42இல் ஒரு கலகத்தில் கிளாடியஸ் பேரரசர் பக்கம் நின்றதற்காக "கிளாடியா, பக்தியுள்ளது, விசுவாசமானது" என்ற பட்டம் பெற்றன, ஆகவே அந்தப் பட்டம் இருந்தால் கல் அதற்குப் பிந்தையது. அல்ஜீரியாவில் மூன்றாம் அகஸ்டா லெஜியனின் கல்வெட்டுகளில் படையின் பெயரே உளியால் கொத்தி அழிக்கப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். 238இல் தோற்ற தரப்பில் நின்றதற்கு அந்தப் படையையே கலைத்துவிட்டார்கள், 253இல் மறுபடி உருவாக்கியபோது சில கற்களில் அழித்த இடத்திலேயே பெயரைத் திரும்பச் செதுக்கினார்கள், அந்த இடம் மட்டும் குழிந்திருக்கும். கல்லைக் கையால் தடவ விடமாட்டார்கள், ஆனால் சாய்வு வெளிச்சத்தில் அந்தப் பள்ளம் கண்ணுக்கே தெரியும்.

இனி வயதும் சேவையும். "ஏ என்" என்று தொடங்குவது வயது, "ஸ்டிப்" அல்லது "ஏர்" என்பது சம்பளம் வாங்கிய ஆண்டுகள். கழித்துப் பார்த்தால் சேர்ந்த வயது வந்துவிடும். இங்கிலாந்தின் கோல்செஸ்டரில் 1928இல் கிடைத்த லோங்கினஸ் ஸ்டாபெஸே என்ற குதிரைவீரனின் கல்லில் வயது 40, சேவை 15, ஆக 25 வயதில் சேர்ந்திருக்கிறான். ஆனால் 30, 40, 45 என்று பூச்சியத்திலும் ஐந்திலும் முடியும் வயதுகள் இந்தக் கற்களில் அளவுக்கு மீறி வருகின்றன. பிறந்த ஆண்டு பலருக்கும் சரியாகத் தெரியாது, சுமாராகப் போட்டார்கள். சேவை ஆண்டை அதிகமாக நம்பலாம், அது படைப் பதிவில் இருந்தது.

லோங்கினஸை ரூஃபினஸோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வாக்குப் பிரிவு இல்லை. தந்தை பெயர் மாட்டிகஸ், லத்தீன் பெயரே அல்ல. ஊர் சார்டிகா வட்டாரம், இன்றைய பல்கேரியாவின் சோஃபியா பக்கம். குடியுரிமை இல்லாமல் துணைப்படையில் சேர்ந்து, இரட்டைச் சம்பளப் பதவி வரை உயர்ந்த திரேசியன். துணைப்படையில் 25 ஆண்டு முடித்தால் குடியுரிமை கிடைக்கும் என்பது பின்னாளில் நிலைபெற்ற வழக்கம், இவன் 15லேயே போய்விட்டான். திரேசியர் என்ற சொல்லில் "எச்" விட்டுப்போயிருக்கிறது, அவர்கள் பேசியதைக் கேட்டபடி யாரோ செதுக்கியிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும். எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டு வாசிக்காதீர்கள், பிழைதான் அந்தக் காலத்துப் பேச்சு. இன்னொன்று, கல் கிடைத்தபோது குதிரைவீரனின் முகம் இல்லை, ரோமானியருக்கு எதிராக எழுந்த பிரிட்டானிய அரசி பூடிக்காவின் கலகக்காரர்கள் உடைத்தார்கள் என்று பல வருடம் நம்பினார்கள். 1996இல் அதே இடத்தில் முகம் கிடைத்தது, 1928இல் தோண்டியபோது உடைந்தது என்று தெரியவந்தது. உடைந்த இடத்தைப் பார்த்ததும் கதை கட்டிவிடக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

கடைசி வரிக்கு நிறைய நேரம் கொடுங்கள், கல் வைத்தது யார் என்பது அங்கேதான். "எச் எஃப் சி" என்றால் வாரிசு செய்வித்தார், "லிப்" என்று வந்தால் இறந்தவரால் விடுதலை செய்யப்பட்ட முன்னாள் அடிமைகள். கோல்செஸ்டரிலேயே ஃபாக்கிலிஸ் என்ற செஞ்சுரியனுக்கு, அதாவது நூற்றுவர் தலைவனுக்கு, வெரெக்குண்டஸ், நொவிக்கியஸ் என்ற இரண்டு முன்னாள் அடிமைகள்தான் கல் எழுப்பினார்கள். ஜெர்மனியின் சாண்டன் பக்கம் கிடைத்த மார்க்கஸ் கேலியஸின் கல்லை வைத்தவர் அவர் சகோதரர் புப்லியஸ். பதினெட்டாம் லெஜியனின் செஞ்சுரியன், 53 வயதும் ஆறு மாதமும், ஜெர்மானியரிடம் தோற்ற ரோமானியத் தளபதி வாருஸின் போரில், அதாவது கி.பி. 9இல், விழுந்தார். உடல் வரவில்லை. எலும்புகளை இங்கே வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி அதில் இருக்கிறது. இப்படிச் சூத்திரத்துக்கு வெளியே ஒரு வரி வந்தால் அங்கே நிறுத்தி மெதுவாக வாசியுங்கள்.

மனைவி என்ற சொல்லும் வரும். பேரரசர் செப்டிமியஸ் செவரஸ் காலம் வரை, அதாவது கி.பி. 200ஐ ஒட்டிய காலம் வரை, சேவையில் இருந்த சாதாரண வீரன் சட்டப்படி மணம் செய்யமுடியாது, ஆனாலும் கற்கள் மனைவி என்றே எழுதுகின்றன. முகாம்களைச் சுற்றி வாழ்ந்த பெண்களின் கற்களையும் இதே முறையில் வாசிக்கலாம். இங்கிலாந்தின் சவுத் ஷீல்ட்ஸ் கோட்டையருகே கிடைத்த ரெஜினாவின் கல்லில் அவள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், நூல் நூற்கும் கோல், பக்கத்தில் கம்பளிக் கூடை, நகைப் பெட்டி. காட்டுவெல்லவுனி இனத்துப் பிரிட்டானியப் பெண், 30 வயது. கல் வைத்தவர் பராட்டெஸ், சிரியாவின் பல்மைராக்காரர், அவளை அடிமைத்தனத்திலிருந்து விடுவித்து மணந்தவர். லத்தீன் பகுதியில் வேற்றுமை உருபுகள் தாறுமாறாக இருக்கின்றன. அதனடியில் வேறு எழுத்தில் ஒரு வரி இருப்பதைத் தவறவிடாதீர்கள், அது அவருடைய சொந்த மொழி, பிழையில்லாமல் அழகாக வெட்டப்பட்டது: "பராட்டெஸ் விடுவித்த ரெஜினா, ஐயோ."