விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் திறக்கிறதா?

வீட்டுத் தோட்டத் தொட்டியில் மீன்கள் விடியற்காலையில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், பசி என்று தீவனம் போட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்திருக்கும். பாசியும் செடிகளும் பகலில் ஆக்சிஜன் தரும். இரவில் அவையே அதை எடுத்துக்கொள்ளும். அதனால் விடியும் நேரத்தில்தான் பற்றாக்குறை அதிகம், பச்சைத் தண்ணீரில் இன்னும் மோசம்.

அவசரத்துக்குத் தொட்டித் தண்ணீரையே மொண்டு, உயரத்திலிருந்து சிதறி விழும்படி ஊற்றுங்கள். அப்புறம் கால் பங்கு தண்ணீரை மாற்றலாம். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் என்றால் ஒரு நாள் திறந்து வைத்த பிறகுதான். தீவனம் 5 நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு போதும். மிச்சம் அழுகினால் அதுவும் ஆக்சிஜனைக் குடிக்கும். ஏர் பம்ப்பைப் பலரும் பகலில் ஓட்டி இரவில் நிறுத்துகிறார்கள். சரியான தலைகீழ் வேலை அது!