கல்லறை முன்பணக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் கல்லறைத் தோட்டங்களுக்குக் கணக்கு எழுதப் புதிதாக வருபவர்கள், நாங்கள் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள். உயிரோடு இருக்கும்போதே பெயர்க்கல், கான்கிரீட் வால்ட் (சவப்பெட்டியை உள்ளே இறக்கும் பெட்டி) என்று எல்லாவற்றுக்கும் பணம் கட்டி வைப்பது இங்கே சகஜம். பொருள் கைக்கு வரும்வரை அந்தப் பணத்தில் ஒரு பங்கு டிரஸ்டில், அதாவது செலவுக்கு எடுக்கக் கூடாத தனிக் கணக்கில், இருக்க வேண்டும் என்பது சட்டம். ரசீதைத் தொலைப்பது, கூட்டலில் பிசகுவது எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

எல்லாவற்றுக்கும் 50 சதவீதம் போடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல்தான். பெயர்க்கல் போன்ற பொருட்களுக்கும் சேவைகளுக்கும் 50 சரி. ஆனால் வால்டுக்கு 85. ஓரிடத்தில் விற்பனை ஆட்கள் இரண்டையும் சேர்த்து 'பேக்கேஜ்' என்று ஒரே விலை எழுதிக் கொடுக்க, கணக்குக்கு வந்த புதுப் பையன் பிரித்துக் கேட்காமல் மொத்தத்தில் பாதியை டிரஸ்டில் போட்டுக்கொண்டே வந்தான். 2,000 டாலர் ஒப்பந்தம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: வால்ட் 1,200, கல் 800. அவன் கணக்குப்படி 1,000. போக வேண்டியது 1,020-ம் 400-ம், ஆக 1,420. ஒன்றுக்கு 420 டாலர் குறைகிறது, இப்படி நூறு ஒப்பந்தம் சேர்ந்தால் 42,000. மாநில நிதிக் கணக்கைக் கவனிக்கும் கம்ப்ட்ரோலர் அலுவலகத்தின் தணிக்கையில் இது பிடிபட்டபோது, அந்தப் பணம் சம்பளமாகவும் புல் வெட்டும் கூலியாகவும் எப்போதோ போய்விட்டிருந்தது. மாதாமாதம் தவணை கட்டிய வயதானவர்களின் பணம் அது. விலையைப் பிரித்து எழுதாத ஒப்பந்தத்தைக் கையில் வாங்கவே வாங்காதீர்கள்.

தவணை ஒப்பந்தத்தை வேறு நிறுவனத்துக்கு விற்ற பிறகும் தவணைக்குத் தவணை டிரஸ்டில் போடுவது

விற்றுவிட்டால் மொத்த விலைக்கு உரிய பங்கும் டிரஸ்டுக்குப் போயாக வேண்டும்.

டிரஸ்ட் பணத்தைக் கல்லறைத் தோட்டப் பராமரிப்பு நிதியோடு கலப்பது

கூடாது. அது வேறு சட்டம், வேறு பணம்.

அறிக்கையைத் தவறான துறைக்கு அனுப்புவது

சிகாகோ பக்கத்தில் ஆல்சிப் ஊரில் இருக்கும் பர் ஓக் கல்லறைத் தோட்டத்தில், புதைக்கப்பட்டவர்களைத் தோண்டியெடுத்துவிட்டு அதே இடத்தை மறுபடி விற்றது 2009-ல் வெளியே வந்தது. அடுத்த ஆண்டு புதிய மேற்பார்வைச் சட்டம் வந்து, தொழில் உரிமங்களைக் கவனிக்கும் துறைக்கும் அதிகாரம் கிடைத்தது. அதனால் எல்லாமே அங்கே போய்விட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். டிரஸ்ட் கணக்கின் ஆண்டறிக்கை இன்றும் கம்ப்ட்ரோலருக்குத்தான்.

பழைய ஒப்பந்தங்களைக் கணக்கிலிருந்து நீக்குவது

வேண்டாம். வாங்கியவர் இன்னும் முப்பது ஆண்டு வாழலாம்.