பாட்டிலில் மூன்று துளை: நீர் பாயும் விதிகளை வீட்டிலேயே பார்க்கலாம்

பாத்திரத்தின் பக்கவாட்டில் மூன்று துளைகள். மேல் துளை நீர் அருகிலும், அடித்துளை நீர் எல்லாவற்றையும் தாண்டித் தூரத்திலும் விழும். இயற்பியல் பாடங்களில் அடிக்கடி வரும் படம் இது. படம் பாதிதான் சரி. மீதிப் பாதியை நீங்களே சரிபார்க்க, ஒரு காலிக் குளிர்பான பாட்டில் போதும்.

படி 1: துளையிடுதல்

இரண்டு லிட்டர் பாட்டில் நல்லது. தரையிலிருந்து 5, 10, 15 செ.மீ. உயரங்களில் துளைகளைக் குறித்து, 20 செ.மீ. உயரத்தில் ஒரு கோடு போடுங்கள். கொறடால் பிடித்துச் சூடாக்கிய ஆணியால் துளையிடலாம். சிறுவர்கள் இதைப் பெரியவர்களிடம் விட்டுவிடட்டும். மூன்றும் ஒரே அளவில், சுமார் 3 மி.மீ. இருக்க வேண்டும். உருகிய பிளாஸ்டிக் துளையின் விளிம்பில் பிசிறாக நிற்கும். அதை பிளேடால் சீவிவிடுங்கள். இல்லாவிட்டால் தாரை கோணலாகப் பாயும். பிறகு துளைகளை டேப்பால் மூடுங்கள்.

படி 2: குழாயடியில் ஒரு நிமிடம்

பாட்டிலை நிரப்பும்போதே முதல் விதியைப் பார்த்துவிடலாம். குழாயை மெதுவாகத் திறந்தால், நீர்த்தாரை கீழே போகப் போக மெலியும். விழும் நீர் வேகம் கூடுகிறது. ஆனால் ஒரு நொடியில் மேலே கடக்கும் அளவு நீர்தான் கீழேயும் கடந்தாக வேண்டும். எனவே பரப்பு × வேகம் எங்கும் ஒன்றே. இதுதான் தொடர்ச்சிச் சமன்பாடு. 1 லிட்டர் நிரம்ப 20 நொடி ஆனால், நொடிக்கு 50 கன செ.மீ. குழாய் வாயின் பரப்பு 1 சதுர செ.மீ. என்றால், வேகம் நொடிக்கு 50 செ.மீ. அங்கிருந்து 10 செ.மீ. விழுந்ததும் வேகம் ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. தாரையின் பரப்பு மூன்றில் ஒரு பங்காகிறது.

படி 3: ஒவ்வொன்றாகத் திறத்தல்

பாட்டிலைச் சமதளத்தில், குளியலறையிலோ மொட்டை மாடியிலோ வையுங்கள். மூடியைத் திறந்தே வைத்து, ஒரு நேரத்தில் ஒரு துளையை மட்டும் திறந்து, நீர் விழும் இடத்தைச் சாக்பீஸால் குறியுங்கள். நீர்மட்டம் 20 செ.மீ. கோட்டிலேயே இருக்கும்படி மேலே ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இதில் அலட்சியம் கூடாது. மட்டம் இறங்கினால் அளவே பாழ்.

மிகத் தூரம் போவது நடுத்துளை நீர், சுமார் 20 செ.மீ. மேல் துளையும் அடித்துளையும் ஏறக்குறைய ஒரே இடத்தில், 17 செ.மீ. தொலைவில் விழும். உராய்வால் உங்கள் அளவு சற்றுக் குறையலாம்.

படி 4: கணக்கு

துளையில் வேகம் = √(2 × 9.8 × ஆழம்). ஆழம் என்பது நீர்மட்டத்திலிருந்து துளை வரை, மீட்டரில்; 9.8 புவியீர்ப்பு முடுக்கம். 1644-இல் இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி வெளியிட்ட விதி இது. நீரின் மேல்மட்டத்திலும் துளைக்கு வெளியிலும் ஒரே காற்றழுத்தம்தான்; ஆகவே இறங்கிய உயரம் முழுவதும் வேகமாகிறது. அழுத்தம், உயரம், வேகம் மூன்றையும் ஒரே கணக்கில் கொண்டுவந்த சுவிஸ் அறிஞர் டேனியல் பெர்னூலியின் நூல் 1738-இல் வந்தது.

மேல் துளையின் ஆழம் 5 செ.மீ.; வேகம் நொடிக்கு 1 மீட்டர். அடித்துளையின் ஆழம் 15 செ.மீ.; வேகம் 1.7 மீட்டர். அடித்துளை நீருக்குத்தான் வேகம் அதிகம், படம் அந்த மட்டில் சரி. ஆனால் அது 0.1 நொடியில் தரையைத் தொட்டுவிடுகிறது. மேல் துளை நீருக்கோ 0.175 நொடி கிடைக்கிறது. வேகத்தையும் நேரத்தையும் பெருக்கிப் பாருங்கள், இரண்டும் ஏறக்குறைய ஒன்றே.

இப்போது பாட்டிலை 30 செ.மீ. உயர முக்காலியின் விளிம்பில் வையுங்கள். மேல், நடு, அடித் துளைகளின் தூரங்கள் முறையே 30, 40, 46 செ.மீ. ஆகும். அந்தப் படம் இங்கே உண்மையாகிவிடுகிறது! வரைந்தவர் முக்காலியை விட்டுவிட்டார், அவ்வளவுதான்.

படி 5: மூடியை இறுக்குதல்

அடித்துளை மட்டும் திறந்திருக்கும்போது மூடியை இறுக்குங்கள். தாரை தளர்ந்து, சொட்டி, நின்றுவிடும். உள்ளே அடைபட்ட காற்று விரிந்து அதன் அழுத்தம் குறைகிறது. அதுவும் நீரின் அழுத்தமும் சேர்ந்து வெளிக்காற்றுக்குச் சமமானதும் பாய்ச்சலுக்கு வேலையில்லை. மெல்லிய பாட்டிலானால் பக்கங்கள் உள்வாங்குவதும் தெரியும். மூடியைத் தொடாமல் மேல் துளையின் டேப்பைப் பிரித்தால், அதன் வழியே குமிழிகள் உள்ளே ஏற, அடித்துளை மறுபடி பாயத் தொடங்கும்.