டிபியா முறிந்த காலை இரவில் கவனிக்கும் முறை

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு மோட்டாரில் போகும் வழியில் விழுந்து டிபியா (முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் இருக்கும் பெரிய எலும்பு) முறிந்து வருபவர்களைப் பினாங்கில் நிறையப் பார்க்கிறோம். வார்டுக்குப் புதிதாக வரும் ஹவுஸ்மேன்களுக்கு (பயிற்சி டாக்டர்களுக்கு) நான் முதலில் சொல்லிக்கொடுப்பது கம்பார்ட்மெண்ட் சிண்ட்ரோம். கீழ்க்காலின் தசைகள் இறுக்கமான உறை சூழ்ந்த நான்கு அறைகளுக்குள் இருக்கின்றன; அறைக்குள் வீங்கி அழுத்தம் ஏறி, தசைக்கு இரத்தம் போகாமல் தடைபடுவதுதான் இது. எலும்பை நாளைக்குக்கூடச் சேர்க்கலாம். இரத்தம் போகாத தசைக்கு 6 மணி நேரம் கடந்தால் மீளாத சேதம் வந்துவிடலாம்.

வலியை நீங்களே கேளுங்கள். நம் பெரியவர்கள் பலர் "பரவால்ல டாக்டர்" என்றுதான் தொடங்குவார்கள். விடாதீர்கள். "மருந்து போட்டும் குறையலையாண்ணே? இறுக்கிப் பிடிக்குதா?" என்று கேளுங்கள். மார்பின் போன்ற பலமான வலி மருந்து கொடுத்தும் வலி ஏறிக்கொண்டே போனால் சந்தேகப்படுங்கள். அப்புறம் கால் பெருவிரலை மெதுவாகக் கீழே மடக்குங்கள். முன்பக்கத் தசை இழுபடும். மேலே வளையுங்கள், ஆழமான பின்பக்கத் தசை இழுபடும். இதில் துடித்தால் சீனியரை எழுப்புங்கள், மணி எத்தனையானாலும் சரி. முதல் இரண்டு விரல்களுக்கு நடுவே தொட்டு உணர்ச்சி பாருங்கள். முன் அறை வழியாக ஓடும் நரம்பு அங்கேதான் முடிகிறது. பாதத்தில் நாடி நன்றாக அடிக்கிறதே என்று நிம்மதியடைய வேண்டாம். கடைசி வரை அது அடிக்கும்.

மாவுக்கட்டு இருந்தால் உள்பஞ்சு உட்பட தோல் தெரியும்வரை வெட்டித் திறங்கள். காலை இதய மட்டத்தில் வையுங்கள். உயரத் தூக்கினால் இரத்த ஓட்டம் இன்னும் குறையும். நோயாளி மயக்கத்தில் இருந்தால் தசை அறைக்குள் ஊசி வைத்து அழுத்தம் அளக்க வேண்டும்: டயஸ்டாலிக் (இரத்த அழுத்தத்தின் கீழ் எண்) 80 mmHg, அறைக்குள் 55 என்றால் வித்தியாசம் 25. 30க்குக் கீழே போனால், உறையை வெட்டித் திறக்க ஆபரேஷன் தியேட்டர்தான். அறிகுறி தெளிவாக இருந்தால் கருவிக்காகக் காத்திருக்காதீர்கள்.

தியேட்டரில் இரண்டு நீளமான வெட்டு, நான்கு அறைகள். வெளிப்பக்க வெட்டில் முன் அறையையும் பக்க அறையையும் திறக்கிறோம். காலின் கீழ் மூன்றில் ஒரு பகுதியில் மேலோட்டமான பெரோனியல் நரம்பு உறையைத் துளைத்து வெளியே வரும், கத்தரி போகும் வழியிலேயே. உள்பக்க வெட்டு டிபியாவின் உள் ஓரத்துக்கு 2 செ.மீ. பின்னால்; அங்கே தோலுக்குக் கீழே ஓடும் சஃபீனஸ் நரம்பையும் சிரையையும் ஒதுக்கிக்கொள்ளுங்கள். ஆழமான பின் அறையைத் திறந்ததாக நினைத்து விட்டுவிடுவதுதான் எனக்குப் பெரிய பயம். சோலியஸ் என்ற கெண்டைக்கால் தசையை டிபியாவிலிருந்து பிரித்து, உள்ளே இருக்கும் தசையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நகர வேண்டும்.

காயத்தை மூடக்கூடாது. 48 முதல் 72 மணி நேரத்துக்குள் மறுபடி தியேட்டரில் பார்ப்போம் என்பதையும், தோல் ஒட்டவைக்க வேண்டி வரலாம் என்பதையும் கையெழுத்து வாங்கும்போதே வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள்.