ஆள் காணோம்னு தேடப் போறப்ப நாம பண்ற தப்புங்க

நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஒரு ஆளு காணோம்னா ஊரே கிளம்பிடும், கூப்பிடக்கூட வேணாம், இருக்கற பைக்க எல்லாம் எடுத்துட்டு ஆளாளுக்கு ஒரு பக்கம் போயிடுவாங்க. அந்த மனசு பெரிய விஷயம். ஆனா விடியறப்ப உக்காந்து பேசிப் பாத்தா ஏரிக்கரைய மூணு கும்பல் பாத்திருக்கும், பின்னாடி இருக்கற கரட்டுப் பக்கம் ஒருத்தர்கூட போயிருக்க மாட்டாங்க, கடைசியா அந்த ஆளு நின்ன இடத்துல இருந்த தடம் எல்லாம் ஜனங்க கால்ல மிதிபட்டு அழிஞ்சிருக்கும். தேடறதுக்கும் ஒரு முறை இருக்குங்க, அது தெரியாம ஓடறதுலதான் நேரம் போயிடுது.

மொத தப்பு, காத்திருக்கறது. "24 மணி நேரம் கழிச்சுத்தான் கம்ப்ளெயின்ட் குடுக்கணும்"னு இன்னும் நெறய பேரு நம்புறாங்க, சட்டத்துல அப்டி ஒண்ணு கிடையவே கிடையாது. 18 வயசுக்குள்ள இருக்கற புள்ளைங்கன்னா காணோம்னு சொன்ன உடனே எஃப்ஐஆர் போடணும், கடத்தலா இருக்கலாம்னு எடுத்துகிட்டே விசாரிக்கணும்னு சுப்ரீம் கோர்ட்டே 2013ல சொல்லியாச்சு. அதனால அரை மணி நேரம் வீட்டச் சுத்தி பாத்தீங்க, இல்லயா, 112க்கு அடிச்சிடுங்க, புள்ளைங்கன்னா 1098க்கும் சொல்லுங்க. ராத்திரி பத்து மணிக்கு வந்து நின்னுட்டாங்கன்னா கம்ப்ளெயின்ட்ட முடிச்சுக்கலாம், அதுல மானக்கேடு ஒண்ணுமில்ல. "போலீசுக்குப் போனா ஊரு என்ன பேசும்"னு தயங்கறது வயசுப் பொண்ணு காணோம்னா இன்னும் அதிகம், அந்தத் தயக்கத்துல போற நேரந்தான் ரொம்ப ஆபத்தான நேரம்.

அடுத்தது கடைசியா பாத்த இடம். தேடறது எல்லாமே அங்கேர்ந்துதான் ஆரம்பிக்கணும், ஆனா எல்லாரும் போயி கூடி நின்னு பேசறதும் அங்கயேதான். நம்ம பக்கம் செம்மண்ணு, புழுதிப் பாதை, உழுத கொல்லை, தடம் நல்லா விழற பூமி, அத வீணாக்கிடறோம். ஒரு ஆள அங்க நிறுத்தி யாரையும் உள்ள விடாதீங்க. ஊட்ல எந்த செருப்பு இல்லன்னு மொதல்ல பாருங்க, அடியில என்ன டிசைன், தேஞ்சிருக்குமா, வெறுங்காலா போனாங்களான்னு கேளுங்க. தடம் கிடைச்சா பக்கத்துல ஒரு பத்து ரூபா காயின வச்சு நேர் மேலேர்ந்து போட்டோ எடுத்துட்டு, சுத்தி கல்லு வச்சு, மழ வர்ற மாதிரி இருந்தா மேல ஒரு பேசின் (அகலப் பாத்திரம்) கவுத்து வைங்க. இன்னொண்ணு, உச்சி வெயில்ல தடம் கண்ணுக்கே தெரியாது. காலைல வெயில் சாஞ்சு விழறப்ப, தடம் உங்களுக்கும் சூரியனுக்கும் நடுவுல இருக்கற மாதிரி நின்னு பாத்தா ஓரம் எல்லாம் நெழலாத் தெரியும். ராத்திரின்னா டார்ச்ச தலைக்கு மேல தூக்கிப் புடிக்காம தரையோட ஒட்டி பக்கவாட்டுல அடிங்க, அதே மாதிரி தெரியும்.

போலீஸ் நாய் வர வாய்ப்பு இருக்குன்னா அவங்க போட்டுக் கழட்டின, தொவைக்காத துணி ஒண்ணு தனியா வேணும். சொந்தக்காரங்க ஆளாளுக்கு அதக் கட்டிப் புடிச்சு அழுதுட்டா அதுல எல்லாரோட வாசனையும் ஏறிடும். கைபடாம ஒரு சுத்தமான கவர்ல எடுத்துப் போட்டு ஓரமா வைங்க.

இப்ப நான் ரொம்ப முக்கியமா நெனைக்கற விஷயம், விசாரிக்கறது. என்ன கலர் சட்டைன்னு கேட்டுட்டு நிறுத்திடறோம், அது பத்தாது. மாத்திரை சாப்புடறவங்களா, காது கேக்குமா, ஊட்ல சண்டையா, யார் மேல பாசம், இதுக்கு முன்னாடி எங்க குடி இருந்தாங்க, எந்த வேலைக்குப் போயிட்டு இருந்தாங்க, இதுக்கு முன்னாடி இப்டி போயிருக்காங்களா, போயிருந்தா எங்க கிடைச்சாங்க. ஞாபக மறதி வந்த பெரியவங்க நெறய பேரு அவங்க மனசுல இருக்கற பழைய ஊட்டுக்கோ பழைய வேலைக்கோதான் கிளம்பிப் போறாங்க. அம்மா ஊடு பாலக்கோடுன்னா அறுபது வருஷம் கழிச்சும் அந்தத் திசைக்கே நடப்பாங்க. அப்டி நடக்கறப்ப பாதைய விட்டு எறங்கிட்டாங்கன்னா ஒரு வேலியோ முள்ளுப் புதரோ பள்ளமோ வந்து மாட்டற வரைக்கும் போயிட்டே இருப்பாங்க, மாட்டினதுக்கு அப்பறம் பேரச் சொல்லிக் கூப்பிட்டாலும் பதில் வராது, உதவின்னு கத்தவும் மாட்டாங்க. அதனால "நாங்க கத்திப் பாத்தோம், சத்தமே இல்ல, அங்க இல்ல"ன்னு ஒரு எடத்த முடிச்சிடாதீங்க. ரோட்லேர்ந்து அம்பதடி தள்ளி இருக்கற புதர குனிஞ்சு பாக்கணும், ரெண்டாவது வாட்டியும் பாக்கணும்.

நம்ம பக்கத்துக்குன்னே இருக்கற ரெண்டு விஷயம் இருக்கு. ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் தெலுங்கும் கன்னடமும் ஊட்டுப் பேச்சா இருக்கறவங்க நெறய, மறதி முத்தினா மத்த பாஷை எல்லாம் நழுவிப் போயி சின்ன வயசுல பேசினது மட்டும் நிக்கறது உண்டு, தமிழ்ல கேட்டா மலங்க மலங்க முழிப்பாங்க, அவங்க பாஷைல கூப்பிட்டாத்தான் திரும்புவாங்க. சிப்காட் பக்கம் வேலைக்கு வந்த வடக்கத்திக் குடும்பத்துப் புள்ளைங்களுக்கும் அதேதான். இன்னொண்ணு "கைல காசு இல்ல, எங்க போயிருக்கப் போறாங்க"ன்னு சொல்றது. 2021லேர்ந்து சாதா டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்ல, ஒரு பாட்டி பத்து பைசா இல்லாம ரெண்டு மூணு பஸ் மாறி எங்கயோ போயி எறங்கிடலாம். அதனால மொத ஒரு மணி நேரத்துலயே பஸ் ஸ்டாண்ட் டைம் கீப்பருக்கு, கண்டக்டருங்களுக்கு போட்டோ போயிடணும். மொரப்பூர், தர்மபுரி, ஓசூர் ரயில்வே ஸ்டேஷன்லயும் சொல்லிடணும், ரயில்ல ஏறிட்டாங்களோன்னு சந்தேகம்னா 139.

சின்னப் புள்ளைங்க கதை வேற. அவங்க ஒளிஞ்சுக்குவாங்க. அடி விழும்னு பயந்துட்டா பெத்தவங்க கூப்பிட்டாலே வர மாட்டாங்க, ராத்திரில தெரியாத ஆளுங்க டார்ச் அடிச்சுகிட்டு கத்திகிட்டு வந்தா இன்னும் உள்ள போயி பதுங்குவாங்க. அதனால "வா, வந்தா தோல உரிக்கறேன்"னு கத்தாதீங்க, அம்மா கொரல மொபைல்ல ரெக்கார்ட் பண்ணி "யாரும் திட்ட மாட்டாங்க, வா கண்ணு"ன்னு போட்டு விடுங்க. கிளம்பறதுக்கு முன்னாடி ஊட்டுக்குள்ளயே ஒரு வாட்டி, பீரோ, கட்டிலுக்கு அடியில, வைக்கப் போரு, நிறுத்தி வச்ச காரு, தண்ணி சம்ப் எல்லாம் தெறந்து பாக்கணும். அப்பறம் தண்ணி இருக்கற எடம் எல்லாத்துக்கும் மொதல்லயே ஆள் ஓடணும், கெணறு, பண்ணைக்குட்டை, ஏரி, தண்ணி தேங்கி நிக்கற பழைய கல்குவாரி, மூடாம கெடக்கற போர்க்குழி. மத்த எடத்துல ஒரு மணி நேரம் லேட்டானா சமாளிக்கலாம், தண்ணில நிமிஷந்தான் கணக்கு.

தேடறப்ப சத்தம் போடறது தப்பில்ல, நிறுத்தாம போடறதுதான் தப்பு. பைக் ஓடிட்டே இருக்கு, மைக் செட் ஒரு பக்கம், ஆளுக்கு ஆள் பேரச் சொல்லி கத்தல், இதுல அடிபட்டுக் கெடக்கறவங்க மொனகறது யாரு காதுல விழும்? எல்லாரும் ஒரே நேரத்துல ஒரு வாட்டி கூப்பிடணும், இல்ல விசில் ஊதணும், அப்பறம் முழுசா ஒரு நிமிஷம் வண்டிய ஆஃப் பண்ணி, நடக்காம, பேசாம கேக்கணும். இத ஒருத்தர் கைய தூக்கி சிக்னல் குடுத்து நடத்தினாத்தான் நடக்கும்.

அதுக்குத்தான் ஒரு ஆளு தேடப் போகாம ஒரே எடத்துல உக்காரணும்னு சொல்றது. நல்லா நடக்கற இளவட்டம் வேணாம், ஊர் அடங்கிக் கேக்கற ஆளா இருக்கட்டும். ஒரு நோட்டு, யாரு எந்தப் பக்கம் எத்தன மணிக்கு போனாங்க, எத பாத்தாங்க, எது பாக்க முடியல, என்ன கிடைச்சுது. ரெண்டு ரெண்டு பேரா போகணும், தனியா யாரும் போகக் கூடாது, வாட்ஸ்அப்ல லைவ் லொகேஷன் போட்டுட்டு போகணும். போறப்ப ஆள மட்டும் தேடாதீங்க, துண்டு, செருப்பு, தண்ணி பாட்டில், பீடிக் கட்டு எதுவா இருந்தாலும் எடுக்காம போட்டோ எடுத்து சொல்லுங்க. பத்தடிக்கு ஒரு வாட்டி திரும்பிப் பாருங்க, புதருக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கறவங்க திரும்பினாத்தான் தெரிவாங்க. நடந்து போறவங்க தாண்டிப் போயிடாம மெயின் ரோடு, கூட்டு ரோடு, பாலத்துல ஆளுக்கு ஒருத்தர நிறுத்திட்டுத்தான் உள்பக்கம் தேடணும்.

இப்ப தேடப் போனவங்களே சாகறது. கெணத்துல யாரோ விழுந்துட்டாங்கன்னு ஒருத்தர் எறங்குவாரு, அவரு வரலன்னு தம்பி எறங்குவாரு, பாழடைஞ்ச கெணத்துல விஷ வாயுவும் ஆக்சிஜன் இல்லாததும் சேந்து ரெண்டு பேரையும் வாங்கிடும். வெளக்கு எறக்கிப் பாத்தோம், அணையலன்னு சொல்லாதீங்க, விஷ வாயு இருக்கறத வெளக்கு காட்டாது. மூச்சுக் கருவியோட தீயணைப்பு வண்டி வரணும், 101.

காடும் அப்டித்தான். அஞ்செட்டி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை பக்கம் ராகி வெளையற சீசன்ல யானைக் கூட்டம் கர்நாடகாலேர்ந்து எறங்கி வந்து நிக்கும், ராத்திரில அம்பது பேரு டார்ச்சோட உள்ள போனா தேடறதுக்கு இன்னும் நாலு பேரு சேந்துடுவாங்க. அது நெறய எடத்துல காவேரி வடக்கு வன உயிரின சரணாலயம், 2014லேர்ந்து, அனுமதி இல்லாம போறதே குத்தம். ரேஞ்ச் ஆபீசுக்கு போன் போட்டு வாட்சருங்களோட போங்க, யானை எங்க நிக்குதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும். ஒகேனக்கல்லயும் பாறை மேல நின்னு தேடறப்ப மேல கர்நாடகா டேம்ல தண்ணி தெறந்து விட்டுட்டா இங்க மழையே இல்லாம ஆறு ஏறும், ஆத்துல வர்ற தண்ணிய அளக்கற பிலிகுண்டுலுல அளவு என்னன்னு கேக்காம ஆத்துல எறங்காதீங்க. அடிச்சுட்டுப் போறவங்களப் பாத்தா குதிக்காதீங்க, கயிறு, வேட்டி, காலி கேன் எதாவது தூக்கிப் போடுங்க, பரிசல்காரங்கள கூப்பிடுங்க.

போன் விஷயம் ஒண்ணு. காணாம போனவங்க நம்பருக்கு நூறு பேரு மாத்தி மாத்தி அடிச்சா இருக்கற சார்ஜும் போயிடும், அவங்க 112க்கு பேசவும் முடியாது. ஒரே ஆளு அப்பப்ப அடிங்க, "இருக்கற எடத்துலயே இரு, வர்றோம்"னு ஒரு எஸ்எம்எஸ் போடுங்க, நம்பர போலீஸ்ட்ட குடுங்க, டவர் பாப்பாங்க.

கிடைச்ச உடனே தூக்கி உக்கார வச்சு ஒரு சொம்பு தண்ணிய வாயில ஊத்தாதீங்க. நெனவு இல்லன்னா எதுவும் குடுக்கக் கூடாது, ஒருக்களிச்சுப் படுக்க வச்சு 108க்கு சொல்லுங்க. நெனவா இருந்தா கொஞ்சம் கொஞ்சமா ஓஆர்எஸ் குடுக்கலாம். ஒசரத்துலேர்ந்து விழுந்திருந்தா கழுத்த அசைக்காதீங்க.

வாட்ஸ்அப்ல போடறப்ப தேதி, நேரம், எடம், ஸ்டேஷன் நம்பர் போடுங்க. ஊட்டு நம்பர் போட்டா "உங்க புள்ள எங்ககிட்டதான் இருக்கு, பணம் போடு"ன்னு ஏமாத்தறவன் அடிப்பான். கடத்தல்காரன்னு யாரு போட்டோவையும் சேக்காதீங்க, 2018ல அப்டி கெளம்பின வதந்தில பக்கத்து திருவண்ணாமலை மாவட்டத்துல கோயிலுக்கு வந்த ஒரு வயசான அம்மாவ அடிச்சே கொன்னுட்டாங்க. ஆளு கிடைச்சதும் போட்ட குரூப் எல்லாத்துலயும் "கிடைச்சிட்டாங்க"ன்னு போட்டு பழைய மெசேஜ டெலிட் பண்ணுங்க, செவுத்துல ஒட்டின நோட்டீசயும் கிழிச்சிடுங்க, இன்னும் வெளிய தேடிட்டு இருக்கற ஆளுங்களுக்கு நோட்டப் பாத்து ஒவ்வொருத்தரா போன் அடிச்சு எல்லாரும் திரும்பிட்டாங்களான்னு டிக் போடுங்க.