ஹோமுக்கு சாப்பாடு குடுக்கப் போறீங்களா? மொதல்ல ஒரு போன் போடுங்க

பொறந்தநாள், அப்பா அம்மா திதின்னு முதியோர் இல்லத்துக்கு சாப்பாடு குடுக்கற பழக்கம் நம்ம ஊர்ல நெறைய பேருக்கு இருக்கு, ஆனா ஞாயித்துக்கிழமையும் அமாவாசையும் தீபாவளியும் எல்லாரும் ஒரே நேரத்துல பிரியாணியும் லட்டுவும் தூக்கிட்டுப் போயிடறோம். நானும் ஒரு தடவை அப்படித்தான் 40 பொட்டலத்தோட போய் நின்னேன், எனக்கு முன்னாடியே ரெண்டு குடும்பம் குடுத்துட்டுப் போயிருந்தாங்க. அதனால முன்கூட்டியே கேட்டுடுங்க, எந்த நாள் காலியா இருக்கு, என்ன தேவைன்னு. பெரியவங்களுக்கான டயப்பர், சோப்புத்தூள், பிரஷர் மாத்திரை, கரண்ட் பில்லு, இப்படித்தான் சொல்லுவாங்க, இதையெல்லாம் யாரும் தர்றதில்ல (போட்டோவுக்கு நல்லா இருக்காது இல்ல!).

பணமா குடுத்தா 80ஜி ரசீது (நன்கொடைக்கு வருமான வரிச்சலுகை கேக்கறதுக்கான ரசீது) இருக்கான்னு கேளுங்க. 2000 ரூபாய்க்கு மேல ரொக்கமா குடுத்தா வரிச்சலுகை கிடையாது, அதனால ஜிபே இல்லன்னா செக், அதுவும் டிரஸ்ட் பேர்ல இருக்கற அக்கவுண்டுக்கு மட்டும், தனி ஆளோட நம்பருக்கு வேணவே வேணாம். பான் நம்பரையும் குடுத்துடுங்க, அப்பதான் 10பிஇ சர்டிபிகேட் (வரிக் கழிவுக்காக டிரஸ்ட் தர்ற நன்கொடைச் சான்று) சரியா வரும். பழைய வரி முறையில இருக்கறவங்களுக்குத்தான் இந்தக் கழிவு, புது முறைக்கு இல்ல.