ஒரு பக்கத்தைப் பென்சிலோடு வாசிப்பது எப்படி?

முதலாம் ஆண்டில் எங்கள் கல்லூரி ஆண்டு மலருக்காக என் தாத்தாவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தேன். "தாத்தாவின் மறைவு எங்கள் குடும்பத்தில் ஈடுசெய்ய இயலாத பெரும் வெற்றிடத்தை ஏற்படுத்தியது" என்பது அதன் முதல் வரி. தமிழ்த்துறைப் பேராசிரியர் அந்த வரிக்கு அடியில் கோடு போட்டு, ஓரத்தில் "இது யாருடைய தாத்தா?" என்று எழுதித் திருப்பித் தந்தார். எந்த இரங்கல் சுவரொட்டியிலும் அச்சிடக்கூடிய வரி அது என்பது எனக்கு உறைக்க இரண்டு நாள் ஆயிற்று. அதன் பிறகு இரண்டு ஆண்டுகளாக நான் வாசித்துப் பழகிய முறையை, செய்து பார்க்க விரும்புகிற மாணவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். நான் படிப்பது வணிகவியல். இலக்கியப் பயிற்சி எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை.

முதலில், நூல் முழுவதையும் விட்டுவிட்டு ஒரே ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கதை எப்படி முடியும் என்ற ஆவலோடு ஓடும் கண்ணுக்கு வாக்கியங்கள் தென்படுவதில்லை. ஆகவே ஏற்கெனவே ஒருமுறை வாசித்து, மனத்தில் தைத்து நின்ற பக்கமாக அது இருப்பது நல்லது. அதை வாய்விட்டு வாசியுங்கள். பிறகு ஒரு தாளில் கையால் அப்படியே பார்த்து எழுதுங்கள். இது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் கை கண்ணைவிட மெதுவானது என்பதால், ஒவ்வொரு சொல்லும் எதற்காக அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது என்று கேட்பதற்கு அது நேரம் தருகிறது. மறுநாள் நூலைத் திறக்காமல் அதே பத்தியை நினைவிலிருந்து எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கெல்லாம் நீங்கள் ஒரு சொல்லைக் கூடுதலாகச் சேர்த்திருக்கிறீர்களோ அங்கெல்லாம் பென்சிலால் வட்டமிடுங்கள். என் தாளில் "மிகவும்", "ஒருவித", "பெரும்" ஆகிய மூன்றும்தான் வட்டத்துக்குள் திரும்பத் திரும்ப மாட்டின.

இந்தப் பயிற்சியில் என்னை நெடுநாள் நிறுத்திவைத்தது புறநானூற்றின் 112ஆம் பாட்டு. மூவேந்தரும் முற்றுகையிட்டுப் பாரியைக் கொன்று பறம்பு மலையைக் கைப்பற்றிய பின், அவனுடைய மகளிர் பாடியதாக வரும் ஐந்து அடிகள் அவை. எங்கள் சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலைதான் அந்தப் பறம்பு என்று ஊர்ப்பக்கம் சொல்வார்கள். அதனால் எனக்கு அந்தப் பாட்டின்மேல் சற்று உரிமை உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய நிலவில் எங்கள் தந்தை எங்களுக்கு இருந்தார், எங்கள் குன்றையும் பிறர் கொள்ளவில்லை. இன்றைய நிலவில் வேந்தர்கள் எங்கள் குன்றைக் கொண்டார்கள், எங்களுக்குத் தந்தையும் இல்லை. சொல்லப்படுவது இவ்வளவுதான். பென்சிலோடு அணுகினால் வியப்பு தொடங்குகிறது. "அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவின்" என்ற அடி, இரண்டு அடி தள்ளி "இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவின்" என்று திரும்பி வருகிறது. அகரம் இகரமாக மாறியதைத் தவிர அதில் வேறு மாற்றமே இல்லை. "எந்தையும் உடையேம்" என்பது "எந்தையும் இலமே" ஆகிறது. துயரம், கண்ணீர், அழுகை என்று ஒரு சொல்கூட அந்த ஐந்து அடிகளில் கிடையாது. நிலவு மட்டும் அப்படியே வெள்ளையாக இருக்கிறது. அந்தப் பெண்கள் அழுதார்களா என்று யாரும் கேட்பதில்லை, கேட்கத் தோன்றுவதும் இல்லை.

இதைப் பார்த்த பிறகு உங்கள் சொந்தக் கட்டுரையை எடுத்து, உணர்ச்சியின் பெயராக வரும் சொற்களை எல்லாம் அடித்துவிடுங்கள். அடித்த இடத்தில், அந்த உணர்ச்சியை உங்களுக்கு உண்டாக்கிய பொருளையோ செயலையோ வையுங்கள். என் "வெற்றிடம்" போன இடத்தில் பல நாள் யோசித்து இப்படி எழுதினேன்: "தாத்தா இறந்த பிறகும் நான்கு மாதம் பால்காரர் தாத்தாவுக்கான அரை லிட்டரைச் சேர்த்தே ஊற்றிக்கொண்டிருந்தார், வேண்டாம் என்று சொல்ல எங்கள் யாருக்கும் வாய் வரவில்லை." பேராசிரியர் காற்புள்ளிக்குப் பின்னால் இருந்ததையும் அடித்துவிட்டார். அப்போது எனக்குக் கோபம் வந்தது. இப்போது அவர் பக்கம்தான் நியாயம் என்று முக்கால்வாசி ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்துச் செய்ய வேண்டியது வினைச்சொற்களைச் சலிப்பது. தேர்வுத்தாளும் செய்தித்தாளும் அலுவலகக் கடிதங்களும் சேர்ந்து நமக்கு ஒரு நடையைப் பழக்கிவிட்டன. அதில் யாரும் எதையும் நேராகச் செய்வதில்லை, "மேற்கொள்கிறார்கள்", "ஏற்படுத்துகிறார்கள்", "நிகழ்த்துகிறார்கள்". "ஆய்வு மேற்கொள்ளப்பட்டது" என்பதை "ஆராய்ந்தோம்" என்று மாற்றினால் வாக்கியம் பாதியாகச் சுருங்குவதோடு, ஆராய்ந்தவர் யார் என்பதும் தெரிந்துவிடுகிறது. "கட்டணம் உயர்த்தப்பட்டுள்ளது" என்ற அறிவிப்பில் உயர்த்தியவர் ஒளிந்துகொள்வது தற்செயலானது என்று நான் நினைக்கவில்லை. கட்டியவர் யாரென்று தெரியாத பழைய மண்டபத்துக்கு வேண்டுமானால் "கட்டப்பட்டது" பொருந்தும்.

சரியான வினைக்கு அகராதியைத் தேடலாம். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியை இணையத்தில் கட்டணமின்றிப் புரட்டலாம். இன்றைய வழக்குக்கு, 1992இல் முதல் பதிப்புக் கண்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு உதவும். ஆனால் அகராதிக்கு முன்னால் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். பள்ளிக்கூடம் போகாத என் அப்பத்தாவுக்குக் கிளை முறியும், குச்சி ஒடியும், பானை உடையும், கயிறு அறும், அதே கயிறு மழையில் நனைந்து நாள்பட்டால் இற்றுப்போகும், அப்பளம் நொறுங்கும். "உடைந்தது" என்ற ஒன்றை வைத்துக்கொண்டு இவை அத்தனையையும் ஒப்பேற்றிக்கொண்டிருந்தவன் நான்.

மேடைப் பேச்சுப் போட்டிகளில் பரிசு வாங்கித் தரும் அடுக்குமொழியைத்தான் நம்மில் பலர் வலிமையான மொழி என்று நம்புகிறோம். மேடையில் அதற்கு வேலை உண்டு. ஒலி காதில் விழுந்து மறைந்துவிடுவதால் அங்கே எதுகையும் மோனையும் நினைவுக்குக் கைப்பிடியாகின்றன. தாளில் அது சீக்கிரம் சலித்துவிடும். விடுதியில் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தபோது நாங்கள் எழுதிய மனுவில் இது நன்றாகத் தெரிந்தது. "சொல்லொணாத் துயரில் துவண்டு தவிக்கும் மாணவர்கள்" என்று தொடங்கிய முதல் மனுவுக்கு மூன்று வாரம் பதில் இல்லை. இரண்டாவது மனு இப்படித் தொடங்கியது: "இரண்டாம் மாடியில் 46 பேர் இருக்கிறோம். மூன்று குழாய்களிலும் காலை 6 மணி முதல் 6.40 வரை மட்டுமே தண்ணீர் வருகிறது. எங்கள் முதல் வகுப்பு 8.30க்கு." காப்பாளர் மறுநாள் காலை கைக்கடிகாரத்தோடு மாடிக்கு வந்து நின்றார். தண்ணீர் நேரம் அரைமணி கூடியது. போதவில்லை என்பது வேறு கதை.

கடைசியாக, எழுதியதை ஓர் இரவு கிடப்பில் போட்டுவிட்டு, மறுநாள் யாருக்காவது வாசித்துக் காட்டுங்கள். தமிழ் ஆர்வமுள்ள நண்பர்களைத் தவிர்ப்பது நல்லது, அவர்கள் பாராட்டிவிடுவார்கள். கேட்பவர் எந்த இடத்தில் "யாரு?" என்றோ "எப்போ?" என்றோ குறுக்கிடுகிறாரோ, அந்த இடத்தைத் திருத்துங்கள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பத்தாவுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டுவேன். தாத்தா கட்டுரையை வாசித்தபோது அவர் ஒரே ஓரிடத்தில்தான் நிறுத்தினார். "அரை லிட்டர் இல்லப்பா, கால் லிட்டர். உங்க தாத்தா ராத்திரிக்கு மட்டுந்தான் பால் குடிப்பாரு." அச்சுக்குப் போகும் முன் திருத்திவிட்டேன்.